குழாயடி

விடியற்காலை. புங்கமரத்தடியில் குழாய். குழாய்க்கு முன்னால் குடங்கள். ஆள் யாரும் இல்லை.

பச்சை, நீலம், ஆரஞ்சு, மறுபடி பச்சை. நடுவில் ஓர் எவர்சில்வர் குடம். அதற்கடுத்து ஒரு செங்கல். செங்கல்லும் வரிசையில் ஓர் ஆள்தான்.

பக்கத்தில் அடிபம்பு. கைப்பிடி பாதி தூக்கலில் நின்றுபோயிருக்கிறது. அதில் ஒரு கட்டைப்பை தொங்குகிறது.

டேங்க் பக்கம் மொபெட் வந்து நிற்கிறது. வால்வு திருகும் சத்தம். இறங்கியவர் பீடி பற்றவைக்கிறார். வேலை முடிந்தது.

குழாய் இருமுகிறது. முதலில் காற்று. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு வாய். பிறகு தண்ணீர். கதவுகள் திறக்கின்றன. கொண்டையை முடிந்தபடி ஒருத்தி. வாயில் பிரஷ்ஷோடு ஒருத்தி. பின்னாலேயே ஒரு நாய்.

முதல் குடம் நிரம்பும் ஓசை கனத்திலிருந்து மெலிகிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காதே அளக்கிறது. வழிவதற்கு ஒரு விரல்கடை முன்னால் கை நீள்கிறது. அடுத்த குடம் நகர்கிறது.

சில வாசல்களில் வீட்டுக் குழாய் இருக்கிறது. 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுக் குழாய்க்காரியின் குடமும் வரிசையில் நிற்கிறது.

எவர்சில்வர் குடத்தின் கழுத்தடியில் புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து. இனிஷியல், பெயர், கல்யாணத் தேதி. கொடுத்தது தாய்மாமன். சபீனா தேய்த்துத் தேய்த்துத் தேதி போய்விட்டது. பெயரில் பாதி இருக்கிறது. பாதி போதும்.

ஒரு கால் செங்கல்லைத் தட்டுகிறது.

"கல்ல நவுத்தாதம்மா. அது மேலத்தெரு ஆயாவோடது."

"நான் எங்க நவுத்துனேன் சித்தி? கால் பட்டுடுச்சு."

கால் பட்டவளே குனிந்து செங்கல்லை நேராக வைக்கிறாள். இன்றைய குழாயடிச் சண்டை இவ்வளவுதான்.

ஊர் புள்ளலூர். சண்டைக்குப் பேர்போன ஊர். முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவர் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் புலிகேசி என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தது இங்கேதான். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மறுவருடம் ஆகஸ்ட் 27, மறுபடி சண்டை. அந்த முறை கம்பெனிப் படைக்குத் தலைமை அயர் கூட்.

ஊருக்கு வெளியே இரண்டு நினைவுத் தூண்கள். இரண்டாம் சண்டையில் மாண்ட இரண்டு அதிகாரிகளுக்காக எழுப்பியவை. பெயர்கள் ஆங்கிலத்தில். தூணின் நிழல் தரையில் நீள்கிறது. நிழலில் ஒரு வெள்ளாடு படுத்து அசைபோடுகிறது.

குழாயடியில் தண்ணீர் விரல் பருமனாகிறது. பிறகு நூல். பிறகு சொட்டு.

மேலத்தெரு ஆயா இப்போதுதான் வருகிறாள். ஒரு கையில் கோல். மறு கையில் மூடியில்லாத சின்ன பிளாஸ்டிக் குடம். குழாயைப் பார்க்கிறாள். செங்கல்லைப் பார்க்கிறாள். செங்கல்மேல் உட்காருகிறாள்.

எவர்சில்வர் குடம் இடுப்புக்கு ஏறுகிறது. நாலடி போகிறது. திரும்புகிறது. சின்னக் குடத்தின் வாயில் சரிகிறது. பாதிக்குப் பாதி. இரண்டு பேரும் பேசுவதில்லை.

டேங்க் பக்கம் மொபெட் கிளம்பும் சத்தம். பெண்கள் போய்விட்டார்கள். குழாயடிச் சேற்றில் குடத்து அடிகளின் வட்டங்கள். ஒரு காக்கை வட்டத்தில் தேங்கிய நீரைக் குடிக்கிறது.

ஆயா கோலூன்றி எழுகிறாள். போகும்முன் செங்கல்லைக் கோலால் தள்ளித் தள்ளிக் குழாய்க்கு நேர் கீழே கொண்டுவருகிறாள்.

நாளைய வரிசையில் அதுதான் முதல்.