துடுப்பு வலித்தால் சீட்டு

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 2025

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில். இங்கேயும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் அரசாணை போட்டு, இத்தனை இடம் என்று அச்சடித்து, சான்றிதழைச் சரிபார்த்துக் கொடுப்பதை இங்கே கோச்சின் கையிலிருக்கும் ஒரு பட்டியல் சத்தமில்லாமல் முடித்துவிடுகிறது. விசிலும் கையுமாக மைதானத்திலேயே காலத்தை ஓட்டிய பி.டி. மாஸ்டர் நீ. உனக்கு இதை விவரமாகவே எழுதலாம்.

நான் வந்த நேரம் சார்லஸ் ஆற்றில் 'ஹெட் ஆஃப் தி சார்லஸ்' படகுப் போட்டி. 1965-லிருந்து ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கிறது. தூரம் ஏறக்குறைய மூன்று மைல். படகுகளைச் சில விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக விடுகிறார்கள், கடிகாரம்தான் நடுவர். வீக்ஸ் நடைபாலத்தில் நல்ல கூட்டம், ஏனென்றால் ஆறு அங்கேதான் வெடுக்கென்று திரும்புகிறது. படகிலுள்ள எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டித் துடுப்பு வலிக்கிறார்கள். முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பது படகைத் திருப்பும் காக்ஸ் மட்டும்தான். ஒரு படகில் ஒல்லியான சின்னப் பெண் காக்ஸ். தன்னைவிட இரு மடங்கு ஆகிருதியுள்ள எட்டுப் பேரைப் பாலத்தூணில் மோதாமல் திருப்ப அவள் போட்ட கத்தலில், பக்கத்தில் நின்ற குழந்தை மிரண்டு அழுதுவிட்டது. கரையெங்கும் கல்லூரிகளின் கூடாரங்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், விலையுயர்ந்த நாய்கள்.

தங்கியிருப்பது அத்தை மகள் வீட்டில். அவள் பையன் பள்ளியில் கடைசி வருஷம், அவனும் துடுப்புக்காரன். வீட்டின் கீழ்த்தளத்தில் 'எர்க்' என்ற இயந்திரம் கிடக்கிறது: சங்கிலியில் கோத்த கைப்பிடி, முன்னும் பின்னும் சறுக்கும் சிறு இருக்கை, இரைகிற சக்கரம், 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் சின்னத் திரை. அதில் 2000 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறான் என்பதைத்தான் கோச்சுகள் முதலில் கேட்கிறார்கள், நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போகுமுன் ஜாதகம் கேட்பதுபோல. அந்த எண் தேறினால்தான் மற்றப் பேச்சு.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டம்தான் ஐவி லீக். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது என்பது 1954-லிருந்து அவர்களுடைய ஒப்பந்தம். அப்புறம் கோச் எதைக் கொடுத்து ஆளைப் பிடிப்பார்? சீட்டைக் கொடுத்துத்தான். ஒவ்வொரு அணியின் கோச்சும் தனக்கு வேண்டியவர்களின் பெயரை அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுக்கிறார். பள்ளி மதிப்பெண்ணையும் 'சாட்' என்ற நுழைவுத் தேர்வையும் சேர்த்து 'அகாடமிக் இண்டெக்ஸ்' என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். சேர்க்கும் விளையாட்டுக்காரர்களின் சராசரி, மற்ற மாணவர்களின் சராசரியைவிட ரொம்பக் கீழே போய்விடக் கூடாது. அதில் தேறியவர்களுக்கு அக்டோபரிலேயே 'லைக்லி லெட்டர்' என்ற கடிதம் வரலாம். இடம் ஏறக்குறைய உறுதி என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகள் மார்ச் கடைசிவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. 2025-26 கல்வியாண்டு முதல் ஹார்வர்டில் ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் தங்குமிடம், சாப்பாடு உட்பட எதற்கும் காசில்லை. 2 லட்சம் வரை கல்விக் கட்டணம் இல்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உதவி வருமானத்துக்காகத்தான் என்பதால், பையன் சேர்ந்த மறுமாதமே துடுப்பைக் கீழே போட்டாலும் சீட்டும் போகாது, பணமும் போகாது. விளையாட்டுக்குப் பணம் தராதது சட்டவிரோதக் கூட்டு என்று இந்த எட்டில் ஒன்றான பிரவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் இருவர் 2023-ல் வழக்குப் போட்டார்கள்; 2024-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

'லெகசி' பற்றி நீயும் படித்திருப்பாய். அப்பாவோ அம்மாவோ படித்த கல்லூரி என்றால் பிள்ளைக்குத் தனிச் சலுகை. அதன் வேர் 1920-களில் இருக்கிறது. ஹார்வர்டில் யூத மாணவர்கள் பெருகுகிறார்கள் என்று 15 சதவீத வரம்பு கட்டப் பார்த்தார் அப்போதைய தலைவர் லோவெல். பேராசிரியர்கள் ஒப்பவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணைத் தாண்டி 'குணநலன்', குடும்பப் பின்னணி, ஆண்மையான விளையாட்டு எல்லாம் தராசில் ஏறின. இன்று லெகசியை ஆதரித்து வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு. பக்கத்திலேயே இருக்கும் எம்.ஐ.டி. அதைப் பார்ப்பதே இல்லை. கலிஃபோர்னியாவில் தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்துத் தடைச் சட்டம் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்துவிட்டது.

ஆனால் உண்மையில் அகலமான வாசல் எது தெரியுமா? ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2014-ல் தொடரப்பட்டு 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கால் உள்கணக்கெல்லாம் வெளியே வந்தது. சலுகை எதுவும் இல்லாதவர்களில் 100-க்கு 6 பேருக்குத்தான் இடம் கிடைத்திருந்தது. லெகசிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 34 பேருக்கு. கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டுக்காரர்களில் 86 பேருக்கு! விண்ணப்பித்தவர்களில் அவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. சேர்ந்தவர்களிலோ பத்து சதவீதத்துக்கு மேல். லெகசி, விளையாட்டு, நன்கொடையாளர் பிள்ளை, ஆசிரியர் பிள்ளை என்று ஏதோ ஒரு சலுகைக்கு உட்பட்டவர்கள், சேர்ந்த வெள்ளைக்கார மாணவர்களில் 43 சதவீதம்.

விளையாடித்தானே வருகிறான், உழைப்புக்குக் கூலி என்று நீ சொல்வாய். நானும் விளையாட்டுக்கு எதிரியில்லை. ஆனால் என்ன விளையாட்டு என்று பார். ஹார்வர்டில் 42 அணிகள். பாய்மரப் படகு, ஸ்குவாஷ், வாள்வீச்சு, வாட்டர் போலோ, துடுப்புப் படகு எல்லாம் அதில் உண்டு. ஆறும் படகுத்துறையும் கிளப் சந்தாவும் கோடை முகாமும் இல்லாத வீட்டுப் பிள்ளை இவற்றில் எதைக் கற்றுக்கொள்ளும்? இதே ஊரில் பேருந்து பிடித்துப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் அந்த ஆற்றைத் தினமும் பாலத்துக்கு மேலிருந்துதான் பார்க்கிறார்கள். 2023-ல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, ஒரே சாட் மதிப்பெண் எடுத்தாலும் முதல் ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்த உயர்மட்டக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்றது. அதற்கான காரணங்களில் லெகசியோடு விளையாட்டுச் சேர்க்கையும் இருந்தது.

2019-ல் பிடிபட்ட ரிக் சிங்கர் என்ற தரகனுக்கு இந்தக் கோச் வாசலின் பலம் நன்றாகத் தெரிந்திருந்தது. கல்லூரிக்குப் பணம் கொடுத்து நுழைவதற்கு ஏகப்பட்ட செலவு, அதுவும் உறுதியில்லை. கோச்சுக்குக் கொடுத்தால் காரியம் முடியும். யேல் பெண்கள் கால்பந்து கோச் லஞ்சம் வாங்கிச் சிறைக்குப் போனார். துடுப்பே பிடித்தறியாத பெண்களை எர்க் இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து, காக்ஸ் என்று சொல்லித் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நுழைத்தார்கள். கோச் சொன்னால் அட்மிஷன் அலுவலகம் பெரிதாகக் குறுக்குக் கேள்வி கேட்காது. மோசடி நடந்ததே அந்த நம்பிக்கையை வைத்துத்தான்.

எனக்குப் பிடித்த வாசல் 'வாக்-ஆன்'. யாரும் அழைக்காமல், உதவித்தொகை இல்லாமல், முதல் வருஷம் மைதானத்துக்குப் போய் "நானும் ஆடிப் பார்க்கிறேன்" என்று நிற்பவன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழகப் படகில் மரம் வெட்டுகிறவர்கள், பண்ணைக்காரர்கள் வீட்டுப் பையன்கள் இருந்தார்கள். பலர் கல்லூரிக்கு வந்துதான் துடுப்பையே தொட்டவர்கள். அமெரிக்கக் கால்பந்தில் பேக்கர் மேஃபீல்ட் அப்படி நுழைந்து 2017-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். இந்த வாசலும் இப்போது ஒடுங்குகிறது. வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில், ஒவ்வோர் அணிக்கும் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்துக்கு 105, பெண்கள் படகுக்கு 68. பல ஊர்களில் முதலில் பெயர் அடிபட்டது வாக்-ஆன் பிள்ளைகளுக்குத்தான். ஐவி லீக் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். லெகசியைத் திட்டுகிறவர்கள் சரியாகத்தான் திட்டுகிறார்கள். ஆனால் நாளைக்கே அதை எடுத்துவிட்டாலும் அதே வீட்டுப் பிள்ளைகள் படகில் ஏறி வந்து சேர்வார்கள். அப்போது "திறமை" என்று வேறு கைதட்டுவோம். இவ்வளவு பணமும் நல்ல மனசும் உள்ள கல்லூரிகள் பாய்மரப் படகுக்கு ஒதுக்கும் இடங்களில் பாதியை ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுத்தால் என்ன?

நீ எழுதியிருந்த, 400 மீட்டர் ஓடும் அந்தப் பெண்ணுக்கு வழி இல்லாமல் இல்லை. ஓட்டத்துக்கு ஆறும் வேண்டாம், படகும் வேண்டாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றும் வெளிநாட்டு மாணவரின் பண நிலைமையைப் பார்த்து இடத்தை மறுப்பதில்லை. உள்ளே எடுத்தால் தேவையான அளவுக்கு உதவியும் செய்கின்றன. விசா விவகாரம் கொஞ்சம் கெடுபிடிதான், அதையும் மறைக்கவில்லை. கோச்சுகளின் மின்னஞ்சல் முகவரி கல்லூரித் தளத்திலேயே இருக்கிறது. ஓடிய வீடியோவையும் மின்னணுக் கடிகார நேரத்தையும் நேரே அனுப்பலாம். நடுவில் ஏஜெண்ட் என்று எவனாவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவிடாதே. சாட் தேர்வுக்கு இப்போதே உட்காரச் சொல். பதில் எழுதும்போது அவளுடைய சிறந்த நேரத்தையும் பத்தாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்து எழுது. இங்கே முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

அன்புடன்,
உன் நண்பன்