கேட்டு வாங்க வேண்டிய காசு

லண்டன்



குற்றவாளி பிடிபடாவிட்டாலும், வழக்கே நடக்காவிட்டாலும், அடிபட்டவருக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுக்கும் ஏற்பாடு பிரிட்டனில் 1964 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. இங்குள்ள நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அதுதான் என் ஆதங்கம்.

தெற்கு லண்டனில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணை ஒருவரை, சிகரெட் பறிக்க வந்த பொடியன்கள் போத்தலால் முகத்தில் அடித்துவிட்டு ஓடினார்கள். கல்லாவில் போன காசுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கன்னத்துத் தழும்புக்கும், கடை வாசல் மணி அடித்தாலே பதறும் நெஞ்சுக்கும்? விண்ணப்பத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். “அடிச்சவன் தரவேணும். நான் ஏன் அரசாங்கத்திட்டைக் கை நீட்ட?” என்றார்.

இதற்கு மார்ஜரி ஃப்ரை என்ற அம்மையார் 1950களிலேயே பதில் சொல்லிவிட்டார். சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டவர். ஆயுதம் வைத்திருக்காதே, காவலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குடிமக்களிடம் சொல்லும் அரசு, காக்கத் தவறிய இடத்தில் கைகழுவ முடியாது என்பது அவர் வாதம். 1958ல் அவர் காலமானார். திட்டம் வந்ததைப் பார்க்கவில்லை.

ஆனால் அரசாங்கம் இதைக் கருணைக்கொடையாகத்தான் தொடங்கியது. சட்டமாக எழுதியது 1995ல். கருணையின் வாடை இன்னும் போகவில்லை. கொடுப்பவர் வாங்குபவரின் ஒழுக்கத்தையும் எடைபோடுகிறார். லிதுவேனியச் சகோதரர்கள் இருவரைக் கடத்திவந்து இங்கே வேலை வாங்கிக் கசக்கினார்கள். கடத்தியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. சகோதரர்கள் நட்டஈடு கேட்டபோது, சொந்த நாட்டில் முன்பு திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் என்று கைவிரித்தார்கள். 2021ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று செய்த திருட்டுக்கும் இங்கே பட்ட அடிமைத்தனத்துக்கும் என்ன சம்பந்தம்?

இதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. 1979 அக்டோபருக்கு முன், ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்தவனால் சீரழிக்கப்பட்ட பிள்ளைக்குக் காசு கிடையாது என்ற விதி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018ல் தவறென்று சொன்ன பிறகு, 2019ல்தான் அதை நீக்கினார்கள். அதற்குள் எத்தனை பேர் கிழவிகளாகிவிட்டார்கள்!

தொகையும் பெரிதல்ல. காயங்களுக்கு ஒரு விலைப்பட்டியலே இருக்கிறது. ஆகக் குறைந்தது 1,000 பவுண்ட், உச்சம் 5 லட்சம். அந்த உச்சவரம்பு 1996லிருந்து அசையவில்லை. பல காயங்கள் பட்டிருந்தால் முதலாவதற்கு முழுத் தொகை, இரண்டாவதற்கு 30 வீதம், மூன்றாவதற்கு 15 வீதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிள்ளையைக் கொலையில் பறிகொடுத்த தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு 5,500 பவுண்ட். பிள்ளைக்கு விலை போட முடியாது என்பது உண்மை; அதற்காக இவ்வளவு சிக்கனமா?

என்றாலும் கேளுங்கள். பிரிட்டனில் இருக்கும் உறவுகளுக்கும் சொல்லுங்கள். பொலிசில் உடனே முறையிட்டு அந்த முறைப்பாட்டு எண்ணை எழுதி வையுங்கள். பயத்துக்கும் தூக்கமின்மைக்கும் டொக்டரிடம் போங்கள். அவர் எழுதும் குறிப்புத்தான் சாட்சி. நம்மவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்: தழும்பைக் காட்டுவார்கள், பயத்தைச் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பம் இந்தத் திட்டத்தின் கிளாஸ்கோ அலுவலகத்துக்குப் போகும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பொதுவாகச் சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். சிறுவயதுப் பாலியல் கொடுமைக்கு அதை 7 ஆண்டாக்கும்படி பொது விசாரணைக் குழு 2022ல் பரிந்துரைத்தது; அதை நிறைவேற்ற நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

மறுத்துக் கடிதம் வந்தால் 56 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. முதல் கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள்.