மலையில் நின்றுபோன லேண்ட் ரோவர்

 

எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த பழைய லேண்ட் ரோவர் மறுபடியும் ரோட்டில் ஓடுவதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறீர்கள். பள்ளிவாசலிலும் கேட்கிறார்கள், பாடசாலை கேட்டுக்கு முன்னாலும் கேட்கிறார்கள். "எந்தக் கராஜ்ல குடுத்தீங்க சேர்? எவ்வளவு முடிஞ்சது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம். பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்கும், பத்தாம் பதினோராம் ஆண்டில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

இந்த வாகனத்தைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, ஒரு தோட்டத்தில் பழைய வாகனங்களைக் கழித்து விற்றபோது வாப்பா வாங்கியது இது. அதற்கு முன் தொரைமார் ஓட்டிய வாகனம். வாப்பா அதில் கோதுமை மாவும் சீனியும் கருவாடும் ஏற்றி மேல் டிவிஷன் கடைகளுக்குக் கொண்டு போவார். ராத்திரியில் யாருக்காவது வலி வந்தால் அதே வாகனம்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் போகும். மாவு மூட்டை இருந்த இடத்தில் பாயை விரித்துப் படுக்க வைத்துக் கொண்டு போனதாகப் பலர் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். வாப்பா மௌத்தான பிறகு வாகனம் நின்றுவிட்டது.

லேண்ட் ரோவர் முதன்முதலில் வெளியானது 1948 ஏப்ரலில், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். போர் முடிந்த காலம், இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் மேல் பாகத்தை அலுமினியக் கலவையில் செய்தார்கள். எங்களுடையது 1961க்கும் 1971க்கும் இடையில் வந்த 'சீரிஸ் டூ ஏ' ரகம். 2,286 சீசீ பெற்றோல் எஞ்சின், நாலு சிலிண்டர். மஞ்சள் குமிழை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழை இழுத்தால் மெதுவான கியர் வரும், செங்குத்து ரோட்டிலும் ஏறும். மேல் பாகம் துருப்பிடிக்காது, ஆனால் கீழே இருக்கும் செசி இரும்பு, அது உக்கும். வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்க்காமல், ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து செசியைத் தட்டிப் பாருங்கள். "டங்" என்று கேட்டால் நல்லது. "சொத்" என்று கேட்டால் வேண்டாம்.

எங்கள் செசி நல்லது. பிரச்சினை ஓட்டத்தில். காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் சில நாள் மலை ஏறும்போது பாதியில் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சரியாகும். சில நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒரு கராஜில் காட்டினோம். எஞ்சின் முடிந்துவிட்டது, முழுசாகக் கழற்றி ஓவர்ஹால் பண்ண வேண்டும், மூன்று லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். ஆசிரியர் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? பழைய இரும்பு வாங்குபவரும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து விலை பேசினார். உம்மாவுக்கு விற்க மனமில்லை. எனக்கும் இல்லை.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். தேயிலை பெக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாப்பாவை 'மொதலாளி' என்று கூப்பிட்டவர். "சேரு, எஞ்சின் செத்துப்போச்சான்னு மொதல்ல பார்ப்போமே. பார்க்காமயே ஏன் அடக்கம் பண்ணணும்?" என்றார். கம்பிரஷன் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளந்தோம். 120, 124, 118, 122. அந்த இலக்கங்களை விட முக்கியமானது, நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால்தான் வால்விலோ ரிங்கிலோ கோளாறு. எஞ்சின் உயிரோடு இருந்தது.

இனி அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வயது 15. எங்கள் பாடசாலைப் பிள்ளை. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிசயம். "அவனுக்குப் படிப்பு வராது" என்பது ஸ்டாப் ரூமில் முடிந்துபோன விஷயம். வருஷக் கடைசியில் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்ப மாமா ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் வாசலில் பொனட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து நின்றான். மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் கையில் டோர்ச்சைக் கொடுத்தோம்.

பெரியவர் ஒரு சட்டம் போட்டார். ஒரு நேரத்தில் ஒரு சாமானைத்தான் தொட வேண்டும். தொட்ட பிறகு ஓட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று எழுதி வைக்க வேண்டும். நாலு சாமானை ஒரே நாளில் மாற்றினால் வாகனம் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. எழுதும் வேலையைப் பையனிடம் கொடுத்தோம். 40 பக்கக் கொப்பி ஒன்று. தேதி, நேரம், பனியா வெயிலா, எவ்வளவு பெற்றோல், எத்தனை நிமிஷத்தில் நின்றது. எழுத்துப் பிழைகள் நிறைய. நான் ஒன்றையும் திருத்தவில்லை. அவன் எழுதியது எங்களுக்கு விளங்கியது, அது போதும்.

முதலில் காலைப் பிரச்சினை. கொப்பியில் இப்படி இருந்தது: "காலை 6.30 பனி. ஸ்டாட் இல்ல. பகல் 12 வெயில். ஒரே அடி." அடுத்த நாளும் அதேதான். பனி இருந்தால் இல்லை, வெயில் இருந்தால் உண்டு. அன்று இருட்டிய பிறகு, மூட்டம் இறங்கிய நேரத்தில் பொனட்டைத் திறந்து, லைட்டை அணைத்துவிட்டு எஞ்சினைச் சுற்றிப் பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் நீலப் பொறி ஊர்ந்து ஓடியது. கொயிலில் இருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ட். ஈரம் கிடைத்தால் அந்த வழியாக வெளியே ஓடிவிடும், பிளக்குக்குப் போகாது. மூடிக்குள் முடி அளவில் ஒரு வெடிப்பும் இருந்தது. பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்து மூடி, வயர் செட், பொயின்ட், கொன்டென்சர் எடுத்தோம். பொயின்டை 15 தௌ இடைவெளியில் வைத்தோம். பனியிலும் ஸ்டார்ட் ஆனது.

இரண்டாவது, மலைப் பிரச்சினை. இதுதான் எங்களை இரண்டு வாரம் அலைய வைத்தது. நின்றவுடன் பார்த்தால் கார்புரேட்டரில் பெற்றோல் இல்லை. எனவே பெற்றோல் வரும் வழியில்தான் அடைப்பு. பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினோம், அடியில் துரு மண். கழுவினோம். நின்றது. குழாயை ஊதினோம். நின்றது. பம்பின் டயஃபிராமை மாற்றினோம். அதற்கும் நின்றது.

ஒரு மாலை பையன் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சேர், பெற்றோல் கொஞ்சமா இருக்கிற நாள்ல வண்டி நிக்கல. நிறைய அடிச்ச நாள்லதான் நிக்குது."

பெரியவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெற்றோல் குறைந்தால் வாகனம் நிற்பதுதான் உலக வழக்கம். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. டேங்க் நிரப்பிய நாள் 12 நிமிஷம், 11 நிமிஷம், 12 நிமிஷம். கால் டேங்க் இருந்த நாள்களில் முக்கால் மணி நேரம் ஓட்டியும் ஒன்றுமில்லை.

சம்பளம் வந்த அன்று டேங்கை நிரப்பிக்கொண்டு மேல் டிவிஷன் ரோட்டில் ஏறினோம். சொல்லி வைத்தாற்போல் 12ஆம் நிமிஷம் நின்றது. பையன் குதித்து இறங்கி, பக்கத்தில் இருந்த பெற்றோல் மூடியில் காதை வைத்துக்கொண்டு மெல்லத் திருகினான். "உஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம். "சேர், உள்ளுக்கு இழுக்குது!" என்றான்.

மூடிக்கு அடியில் ஒரு பொலித்தீன் துண்டு. மழைத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்று யாரோ அக்கறையோடு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். டேங்கில் இருந்து பெற்றோல் வெளியேற வேண்டுமென்றால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வரும் சின்ன வழி மூடியில்தான் இருந்தது. அது அடைபட்டதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வரவில்லை. டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் இறுகிவிடும். கால் டேங்க் என்றால் காற்று நிறைய, தாக்குப் பிடிக்கும். நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போகும், தானாகச் சரியாகும். எல்லாக் கேள்விக்கும் பதில் அந்தப் பொலித்தீன் துண்டில் இருந்தது.

பையன் அதை விளக்கிய விதம்: "ஜூஸ் பெக்கட்ட உறிஞ்சினா சப்பையாகுமே சேர், அது மாதிரி." வளியமுக்கம் என்ற பாடத்தை இதை விட நன்றாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் 'செய்து கற்றல்' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியவன் நான். அதைக் கண்ணால் பார்த்தது அந்த ரோட்டில்.

செலவு கேட்டவர்களுக்கு: சாமான்கள் எல்லாம் சேர்த்து 18,400 ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். உம்மா விடவில்லை.

பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம்.

ஒன்று, நமது உயரம். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே, நுவரெலியா 1,868 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விடக் குறைவு. கொழும்பில் சரியாக இருக்கும் கார்புரேட்டர் இங்கே பெற்றோலைக் கூட எரிக்கும். பிளக் கறுப்பாகிறது, புகை கறுப்பாக வருகிறது என்றால் உடனே எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. இந்தப் பழைய லேண்ட் ரோவரின் ஹேன்ட் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டில் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜேக் போட்டுத் தூக்கினால் அந்தப் பிரேக்கால் பயனில்லை, வாகனம் உருண்டுவிடும். நமது வாசல்கள் எல்லாம் சரிவு. சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ கொடுக்காமல் ஜேக்கைத் தொடாதீர்கள், அடியில் படுக்காதீர்கள்.

இனி பெற்றோருக்கு. 2016 முதல் நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அது சட்டம். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இந்தப் பையன் சாதாரண தரத்தில் தேவையான பாடங்களைப் பாஸ் பண்ணினால் மொரட்டுவையில் உள்ள ஜெர்மன் டெக் வரை விண்ணப்பிக்கலாம். ஹட்டனிலேயே தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. என்.வி.கியூ. சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டுக்குப் போனாலும் தொழிலாளியாகப் போகலாம், எடுபிடியாக அல்ல. படித்துப் பட்டம் பெறாமல் அனுபவத்தால் தொழில் கற்ற பெரியவர்களுக்கும் வழி உண்டு. ஏற்கெனவே தெரிந்த தொழிலைப் பரிசோதித்து அதே என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. விவரம் வேண்டுபவர்கள் என்னிடம் வாருங்கள், படிவம் நிரப்ப உதவுகிறேன்.

அவன் அம்மா கொழுந்து எடுப்பவர். கொப்பியை அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவும் இவனா எழுதினான்?" என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் பேசி, சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை கொழும்புப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது அந்த வீட்டின் கடனையும் பொறுத்தது, நான் வாக்குக் கொடுக்க முடியாது. இப்போதைக்கு அவன் வாரத்தில் நாலு நாள் பாடசாலைக்கு வருகிறான். கணக்கில் இன்னும் பின்னால்தான். மாலையில் வாசலில் இருந்து பாடம் செய்துவிட்டுத்தான் பொனட்டைத் திறக்கலாம் என்பது இப்போது பெரியவரின் இரண்டாவது சட்டம்.

பரீட்சை நாள்களில் மேல் டிவிஷன் பிள்ளைகளை நிலையத்துக்கு இறக்கிவிட இந்த லேண்ட் ரோவர் வரும், இன்ஷா அல்லாஹ். மழை என்று த்ரீவீலர்காரர்கள் ஏற மறுத்தால் பயப்பட வேண்டாம், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ரக எஞ்சினின் பழைய கார்புரேட்டர், பம்ப், கண்ணாடிக் கிண்ணம் யார் வீட்டு ஸ்டோரிலாவது கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எங்களுக்குத் தாருங்கள். ஞாயிறு காலையில் பெரியவர் எங்கள் வாசலில் இருப்பார். வாகனத்தில் கோளாறு இருந்தால் கொண்டு வாருங்கள். வீட்டில் 'படிப்பு வராத' பிள்ளை இருந்தால் அவனையும் கூட்டி வாருங்கள். ஒரு கொப்பி நான் தருகிறேன்.

வாப்பாவுக்காகத் துஆ செய்யுங்கள்.