சார் சொன்னா சரியா இருக்கும்

எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகை முன்னால் நின்று பழகியவனுக்குக் கேள்வி வந்தால் பதில் வந்தாக வேண்டும். வகுப்பிலாவது பாடநூல் என்று ஒரு காவல் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அதுவும் இல்லை. மேல்பட்டாம்பாக்கத்தில், கடலூர்–பண்ருட்டி சாலையோரம் நான் காலையில் டீ குடிக்கும் கடையில், டாலர் விலை, ஏவுகணை, சீன எல்லை, கச்சா எண்ணெய், செயற்கை நுண்ணறிவு என எதை எடுத்தாலும் என்னிடம் ஒரு கருத்து இருந்தது. இரண்டு நாளிதழ்கள், கைபேசியில் சில காணொளிகள். என் மூலதனம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு, ஒரு துறையில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள்கூடத் தயங்கிச் சொல்வதை நான் தயங்காமல் சொன்னேன்.

கேட்டவர்கள் நம்பினார்கள். "சார் சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள். அந்த வார்த்தைக்காகவே நான் பேசினேன் என்பதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் கடையில் நான் பாடமே எடுத்தேன். மூன்று, நான்கு லட்சம் கோடி கறுப்புப் பணம் வங்கிக்குத் திரும்பாது, அந்த அளவுக்கு அரசுக்கு லாபம், கொஞ்ச நாள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். நெல்லிக்குப்பத்து வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்க்கும் பெண்கள் அந்த வாரம் முழுவதும் வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் இதையே சொன்னேன். 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கணக்கை வெளியிட்டது. 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது. 99.3 விழுக்காடு. அந்தச் செய்தியை நான் படித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. கடையில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கருத்துச் சொல்கிறவனிடம் பின்னால் வந்து கணக்குக் கேட்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. என்னைப் போன்றவர்கள் பிழைப்பது அதனால்தான். கைபேசியில் பணம் அனுப்பும் முறை கிராமத்துக்கு வரவே வராது என்றும் அந்த நாட்களில் சொல்லியிருக்கிறேன். இன்று கீரைக்கார அம்மா கூடையிலேயே ஸ்கேன் அட்டையை மாட்டியிருக்கிறார்.

இவையெல்லாம் பொதுவில் பேசியவை, காற்றோடு போயின. ஒன்று மட்டும் போகவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இருக்கிறார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். என்னைவிடச் சில வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சார் என்பார். நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்து மகனை உக்ரைனில் சுமி என்ற ஊரில் மருத்துவம் படிக்க அனுப்பியிருந்தார். ரஷ்ய எல்லைக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிற ஊர் அது. 2022 பிப்ரவரி நடுவில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், வயலிலிருந்து நேராகக் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், நெலவரம் எப்படி இருக்கு? பையன வரச் சொல்லிடலாமா? டிக்கெட்டு வெல ஏறிக்கிட்டே போவுதுங்கறான்" என்றார்.

பிப்ரவரி 15-ஆம் தேதி கீவில் இருந்த இந்தியத் தூதரகம் ஓர் அறிவிப்பு கொடுத்திருந்தது. தங்கியிருப்பது அவசியமில்லாத இந்தியர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாக நாட்டை விட்டுக் கிளம்புவதை யோசிக்கலாம் என்று. பையன் அதை அப்பாவின் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். அண்ணன் அதை என்னிடம் நீட்டினார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பேசியதை என்னால் வரி வரியாகச் சொல்ல முடியும். ரஷ்யா ஜெர்மனிக்குக் கடலடியில் புதிதாக எரிவாயுக் குழாய் போட்டு முடித்திருக்கிறது, இவ்வளவு பணத்தைக் கொட்டியவன் சண்டைக்குப் போக மாட்டான். பயிற்சி முடிந்த படைகள் முகாமுக்குத் திரும்புவதாக மாஸ்கோவே அறிவித்துவிட்டது. பிப்ரவரி 16 அன்று தாக்குதல் என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள், அந்த நாளும் சும்மாவே போயிற்று. இது மிரட்டிக் காரியம் சாதிக்கிற வேலை, போர் வராது. தேர்வு நேரத்தில் பையனைக் கிளப்பி அலைக்கழிக்காதீர்கள்.

அண்ணன் முகத்தில் இருந்த கவலை குறைந்தது. "நீங்க சொன்னா சரி சார்" என்று எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு நிறைவு இருந்தது.

பிப்ரவரி 24 விடியற்காலையில் போர் தொடங்கியது. வான்வழி மூடப்பட்டது. மேற்கு எல்லைப் பக்கம் இருந்த மாணவர்கள் போலந்துக்கும் ருமேனியாவுக்கும் ஹங்கேரிக்கும் நடந்தும் பேருந்திலும் போய்ச் சேர்ந்தார்கள். கிழக்கே, ரஷ்யப் படை நுழைகிற வழியிலேயே கிடந்த சுமியிலிருந்து வெளியேற வழியில்லை. அறுநூற்றுக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் விடுதியின் நிலவறையில் கிடந்தார்கள். மின்சாரமும் தண்ணீரும் நின்றன. பனிக்கட்டியை வாளியில் அள்ளி உருக்கிக் குடித்தார்கள். மார்ச் 1-ஆம் தேதி கார்கிவ் நகரில் கர்நாடகத்து மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். உணவு வாங்க வெளியே போனவர் என்று செய்தி. அன்று அண்ணன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எனக்குத் தெரியும், நான் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு இரயில் நிலையப் பக்கமாகப் போனேன்.

மார்ச் 7 அன்று பேருந்தில் ஏற்றி, பாதுகாப்பான பாதை கிடைக்காமல் திரும்ப இறக்கிவிட்டார்கள். மார்ச் 8 அன்று பொல்டாவா வரை பேருந்து, அங்கிருந்து இரயிலில் லிவீவ், பிறகு போலந்து, தில்லி. 12-ஆம் தேதி வாக்கில் பையன் ஊர் வந்து சேர்ந்தான். குரல் கம்மியிருந்தது, காலில் பனிவெடிப்பு. மற்றபடி உயிரோடு இருந்தான்.

இனி எழுதப்போவதுதான் என்னால் இத்தனை வருடம் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. பையன் வந்த சில நாட்களில், அதே கடையில், வெளியூர்க்காரர் ஒருவர் உக்ரைன் பேச்சை எடுத்தார். நான் ஆரம்பித்தேன். 2014-இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டபோதே இது எழுதப்பட்டுவிட்டது, படைகளை எல்லையில் குவித்த விதத்தைப் பார்த்தாலே புரிந்திருக்கும், "இது வரும்னு நான் அப்பவே சொல்லிட்டேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் பெஞ்சின் மறு ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, "வரேன் சார்" என்று வழக்கம் போலச் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் அங்கே இருப்பது தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? சொல்லியிருக்க மாட்டேன். அப்படியென்றால் அது வாய் தவறி வந்ததல்ல.

எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்ததுண்டு. போர் வராது என்று எத்தனையோ பெரிய நிபுணர்களும் நினைத்தார்கள். உக்ரைன் அதிபரே ஜனவரியில், பீதியைக் கிளப்பாதீர்கள் என்றார். அவர்களுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? இந்த வாதம் வெகுநாள் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் அண்ணன் என்னிடம் போர் வருமா என்று கேட்கவில்லை. பையனை வரச் சொல்லலாமா என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். போர் வர பத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்றாலும், எல்லையோரத்து ஊரில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்வதுதான் சரி. வராமல் போனால் நட்டம் ஒரு விமான டிக்கெட், சில வாரப் படிப்பு. வந்துவிட்டால் நட்டம் என்ன என்பதை அந்தக் கர்நாடகத்துக் குடும்பத்திடம் கேட்க வேண்டும். இது நான் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கே விளக்கக்கூடிய கணக்கு. அந்தத் தூதரக அறிவிப்பு எழுதியவருக்கும் போர் வருமா என்று தெரிந்திருக்காது. ஆனால் அவர் தகப்பன்மார்களின் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக்கூடிய வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சொன்னேன்.

கடலூரைப் பற்றி ஒரு வரலாற்றைக் கடையில் அடிக்கடி சொல்வேன். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்தது. புஸ்ஸி ஒரு பக்கம், ஜெனரல் ஸ்டூவர்ட் ஒரு பக்கம். ஜூன் 13 அன்று ஒரே நாளில் இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயப்பட்டும் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனின் கப்பல்களும் ஹியூஸின் கப்பல்களும் மோதின. ஆனால் இந்த இரண்டு நாடுகளும் அந்த ஜனவரி 20-ஆம் தேதியே ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. சேதி கப்பலில் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. முடிந்துபோன போருக்காக, ஜோலி எதுவும் இல்லாத இந்த மண்ணில், நம் சிப்பாய்களும் செத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, இப்போது நமக்கு அந்தக் குறை இல்லை, உலகத்துச் சேதி நிமிடத்தில் கைக்கு வருகிறது என்று முடிப்பேன். பையன் அனுப்பிய சேதியும் நிமிடத்தில்தான் வந்தது. தகப்பன் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அதை நடக்கவிடாமல் நிறுத்தியது நான்தான். அந்த வரலாற்றை இப்போது நான் கடையில் சொல்வதில்லை.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் மழையில் நனைந்துகொண்டே என் வீட்டு வாசலுக்கு வந்தார். ஏற்கெனவே தன் மாடுகளை மேட்டுக்கு ஓட்டியாகிவிட்டது, மோட்டாரைக் கழற்றியாகிவிட்டது. "சார், கீழ இருக்கற சாமான மேல ஏத்திடுங்க. தென்பெண்ணையில தண்ணி வந்தாலும் வரும், வராமலும் போவும். ஏத்தி வச்சிடுங்க" என்றார். அவரே அரிசி மூட்டையைத் தூக்கிப் படியேறினார். நள்ளிரவுக்குப் பின் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கடலூர் வரை ஆற்றோர ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. வந்தாலும் வரும், வராமலும் போகும், ஏற்றி வையுங்கள். அவர் என்னிடம் 2022-இல் எதிர்பார்த்த பதில் இந்த அளவுக்குத்தான் இருந்திருக்கும். எனக்கு அவர் ஒருநாளும் தீங்கு நினைத்ததில்லை, நான் அவர் மகனுக்கு நினைக்கவில்லைதான். ஆனாலும் அவர் தந்த பதிலில் என் சாமான்கள் இருந்தன. நான் தந்த பதிலில் நான்தான் இருந்தேன்.

இதற்குப் பிறகாவது திருந்தினேன் என்று எழுத ஆசைதான். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது, தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, தோஹாவில் கட்டட வேலை பார்க்கும் மகனைப் பற்றிக் கேட்டார். "ஈரான் கத்தாரைத் தொடாதும்மா, ரெண்டு பேருக்கும் கடலுக்கடியில ஒரே எரிவாயு வயல்" என்றேன். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் குழாய்க் கதை ஞாபகம் வந்தது. ஆனாலும் திரும்பப் பெறவில்லை. ஜூன் 23 இரவு ஈரான், கத்தாரில் உள்ள அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஏவுகணைகளை ஏவியது. கத்தார் வான்வழியை மூடியது. நான் விடியும்வரை தூங்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று தெரிந்தது, மறுநாளே சண்டை நிறுத்தம். அந்த அம்மா காலையில் கூப்பிட்டு, "நீங்க சொன்ன மாதிரியே எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல சார்" என்று இரண்டு இட்லி கூட வைத்தார். நான் சாப்பிட்டேன்.

அவரிடம் இந்த வாரம் போய்ச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது நடக்கவில்லை, உங்கள் பிள்ளை தப்பித்ததற்கும் என் பேச்சுக்கும் சம்பந்தமில்லை, இனி என்னைக் கேட்காதீர்கள், தூதரகம் என்ன சொல்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள், கிளம்பு என்றால் கிளம்பச் சொல்லுங்கள் என்று. அவருக்கு நான் ஏன் இவ்வளவு பதற்றமாகப் பேசுகிறேன் என்று புரியவில்லை. பரவாயில்லை.

அண்ணனிடம் நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. பையன் 2022 கடைசியில் ஜார்ஜியாவுக்கு மாறி, படிப்பை முடித்து, இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்வதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். இடையில் வீணான மாதங்களுக்கும் அந்தப் பத்திரத்தின் மீது ஏறிய வட்டிக்கும் நானும் ஒரு காரணம். அண்ணே, அன்று நீங்கள் நீட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு, "இதுல சொல்ற மாதிரியே செய்யுங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தெரியும். அப்போதும் தெரியும்.