வாங்காத கடனுக்கு வாய்தா

போனில் கடன் கேட்டு மிரட்டுகிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. மிரட்டினால் அவன் போலி. அவசரப்படுத்தினால் போலி. கெட்ட வார்த்தை பேசினால் போலி. அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்குவேன் என்றால் போலி. நல்ல புத்திதான். ஆனால் இதை எழுதியவர் ஒருநாளும் எங்க காலனிப் பக்கம் வந்தவராகத் தெரியவில்லை. எங்களிடம் நிஜமாகவே வசூலுக்கு வருகிறவன் இந்த நாலையும்தான் செய்கிறான். அசலும் போலியும் ஒரே வாயால் பேசுகிற இடத்தில், பேச்சை வைத்து யாரை யார் என்று கண்டுபிடிப்பது?

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலையும் தீபமும் பௌர்ணமிக் கூட்டமும்தான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பூ, டீ, வேர்க்கடலை என்று ராத்திரி முழுக்கக் கண் விழித்து விற்கிற பெண்களுக்கு முதல் போட்டது யார் என்று சுற்றுகிற பக்தர்கள் யாரும் கேட்டதில்லை. தண்டல்காரன் போட்டது, இல்லையென்றால் குழு லோன். எங்க பக்கத்துக் காலனிகளில் ஒரு வீட்டுக்கு மூன்று நாலு கடன் என்பது அதிசயமில்லை. திங்கட்கிழமை ஒரு குழு, புதன்கிழமை ஒரு குழு, நடுவில் தினத் தண்டல், அடகுக் கடையில் தோடு, அவசரத்துக்குப் பையன் செல்போனில் எடுத்த ஆப் கடன். ஒன்றுக்கு டியூ கட்ட இன்னொன்றில் வாங்குவது. வீட்டுக்காரன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான். அங்கே அவன் என்ன கையெழுத்துப் போட்டான் என்பது இங்கே இவளுக்குத் தெரியாது.

போலிக்காரன் நம்முடைய விவரம் எதையும் திருட வேண்டியதில்லை. ஏதோ ஒரு நம்பருக்குப் போட்டு ‘லோன் பாக்கி’ என்றால் போதும். எடுக்கிறவர் எங்கேயாவது கடன் பட்டவராகத்தான் இருப்பார்.

என் சின்னம்மாவுக்கு வந்த போனை, அது சொன்னபடியே எழுதுகிறேன்.

“அம்மா, நீங்க மூணு வருஷம் முன்ன எடுத்த லோன்ல பேலன்ஸ் இருக்குங்க. வட்டியோட நாப்பத்தெட்டாயிரம் ஆயிடுச்சு. இன்னிக்கே 4,800 கட்டிட்டீங்கன்னா ஃபைல மூடிடலாம்.”

“எந்த லோனுப்பா அது?”

“வாங்கின உங்களுக்கே தெரியாதாம்மா? எந்த ஏரியா நீங்க?”

சின்னம்மா ஊர்ப் பேரைச் சொல்லியிருக்கிறது.

“ஊரா, காலனியா?”

“காலனிதாம்பா.”

அந்த இடத்தில் பேச்சு மாறிவிட்டது. அதுவரை ‘அம்மா’, ‘நீங்க’. அதற்கப்புறம் ‘ஏய்’, ‘என்னாடி’. “வாங்கித் தின்னும்போது இனிச்சிச்சாடி? நாளைக்குப் போலீசோட வரேன். தெருவுல நிக்க வெச்சிக் கேக்கறேன்.” எங்கே உட்கார்ந்து பேசினானோ, நம் முகம் பார்க்காதவன், பேர்கூடச் சரியாகத் தெரியாதவன். காலனி என்ற ஒரு சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அதற்கு சின்னம்மா சொன்ன பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை. “ரெண்டு நாள் டைம் குடு சாமி. கட்டிட்றேன்.”

வாங்காத கடனுக்கு வாய்தா! ‘சாமி’ வேறு. சின்னம்மா முட்டாள் இல்லை. குழுவில் பத்துப் பேர் கணக்கை வாயாலேயே சொல்லும். ஆனாலும் கடன் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் வாய் தானாக வாய்தா கேட்கிறது. வாங்கினோமா, யாரிடம், எவ்வளவு என்ற கேள்விகள் எல்லாம் போனை வைத்த பிறகுதான் வருகின்றன.

இது செல்போனோடு வந்த பழக்கம் இல்லை. எங்க ஆயா சொல்லும். தாத்தா பண்ணையில் ஆளாக இருந்தவர். கல்யாணத்துக்கு ஆண்டையிடம் கொஞ்சம் நெல்லும் பணமும் வாங்கினார். வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். நோட்டு ஆண்டையுடையது, பேனா ஆண்டையுடையது, படிப்பும் ஆண்டையுடையது. தாத்தாவிடம் இருந்தது இடதுகைக் கட்டைவிரல் ஒன்றுதான். உழைத்தது கழிந்து கடன் குறைய வேண்டும், நோட்டில் அது ஏறியிருக்கும். “கூடிப்போயிருக்குதே ஆண்ட” என்று ஒருமுறை கேட்டாராம். “நோட்டு பொய் சொல்லுமாடா?” என்றார்களாம். பொய்க் கடன் என்பது நமக்குப் பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சொத்து.

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் திரமென்கீர் அறிக்கையை எடுக்கிறோம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்து 1891இல் அவர் எழுதிய அதே அறிக்கையில், கல்யாணச் செலவுக்கு வாங்கிய சிறு தொகைக்காகப் படியாட்கள் எப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதும் இருக்கிறது. நிலத்தைப் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். கடனைப் பற்றிச் சொன்னதை அவ்வளவாகப் பேசவில்லை. அப்புறம் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகள் என்று மீட்டார்கள். இருளர் சனங்கள். பெரியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அவர்களையும் அங்கே கட்டிப்போட்டது சொற்ப முன்பணம்தான்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கொத்தடிமைக் கடன் எல்லாவற்றையும் அது ரத்து செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் 15ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இது கொத்தடிமைக் கடன் என்று ஆள் சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது. நோட்டு பொய் சொல்லுமா என்று கேட்டவனைப் பார்த்து, சொல்லாது என்று நீ காட்டு என்கிறது சட்டம். போன் கடனுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் பணம் கொடுத்தேன் என்று சொல்கிறவன்தான் அதைக் காட்ட வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அரிச்சுவடி. வாங்கவில்லை என்று சின்னம்மா நிரூபிக்க வேண்டியதில்லை.

அதனால் சின்னம்மாவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அவன் கேட்பதற்கு நீ பதில் சொல்லாதே, அவனைப் பதில் சொல்ல வை. எந்தக் கம்பெனி, எந்தக் கிளை? கடன் நம்பர் என்ன, எந்தத் தேதியில் எவ்வளவு குடுத்தீங்க? எழுத்துல அனுப்புங்க. கட்டுவதாக இருந்தால் கம்பெனி கணக்கில்தான் கட்டுவேன், ரசீது வேணும். அசல் ஆள் திட்டிக்கொண்டேயாவது இதற்குப் பதில் வைத்திருப்பான். போலிக்காரனுக்கு இந்த இடத்தில் நாக்கு புரளாது. “ஆதார் நம்பரைச் சொல்லு, பிறந்த தேதியைச் சொல்லு, பார்த்துச் சொல்றேன்” என்பான். கடன் கொடுத்தவனுக்கு அதெல்லாம் முன்னமே தெரிந்திருக்க வேண்டுமே! ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம், போனை வைத்துவிடலாம். பணம் எங்கே போகிறது என்பதுதான் பெரிய அடையாளம். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் ஏதோ ஒரு தனி ஆளின் பேர் வந்தால் அது கம்பெனி இல்லை.

தொல்லை விடட்டும் என்று ஐநூறு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விடாது. இது கட்டுகிற நம்பர் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

குழு லோன் விஷயத்தில் இன்னொரு குழப்பம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்று சென்டர் மீட்டிங்கில் உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணி ஆனாலும் அந்த அம்மா பணம் வராமல் யாரும் எழுந்து போகக் கூடாது. அந்தப் பழக்கத்தைத்தான் போலிகள் அறுவடை செய்கிறார்கள். “உங்க குழுவுல ஒருத்தங்க கட்டல, உங்க பேர்ல ஏறியிருக்கு” என்றால் நம் பெண்கள் நம்பிவிடுவார்கள். யாரோ கடன் வாங்கும்போது உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார் என்பதற்காக நீங்கள் ஜாமீன்தாரர் ஆகிவிட மாட்டீர்கள். ஜாமீன் நிற்க நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால்தான் ஜாமீன்.

விதிகளும் இருக்கத்தான் செய்கின்றன. குழு லோன் போன்ற சிறுகடன்களுக்கு 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி சொன்னது: கடன் வாங்கியவருக்குப் புரிகிற மொழியில் கடன் அட்டை தர வேண்டும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப் கடன்களுக்குச் சொன்னது: செல்போனில் உள்ள நம்பர்ப் பட்டியலையும் படங்களையும் ஆப் தொடக் கூடாது. எந்தெந்த ஆப்கள் வங்கியோடும் நிதி நிறுவனத்தோடும் சேர்ந்தவை என்ற பட்டியலை 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கடன் கட்டாததற்காக மட்டும் போலீஸ் வந்து பிடிக்க முடியாது, அது சிவில் விவகாரம். செக் திரும்பினால் அது வேறு வழக்கு. போலீஸ் தொப்பி போட்ட படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு வாரண்ட் இருக்கிறது என்பவன் போலீஸ் இல்லை.

உண்மையிலேயே நம் பேரில் கடன் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பார்க்கவும் வழி உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு தெருவுக்கே எடுத்துக் கொடுத்துவிடலாம். சின்னம்மாவுக்கு எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்தது அது கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழு லோன்தான். நாப்பத்தெட்டாயிரம் எங்கேயும் இல்லை.

சின்னம்மா தப்பித்தது. எதிர்வரிசையில் பூக் கட்டுகிற அக்கா தப்பவில்லை. பௌர்ணமிக்குப் பூ எடுக்க வைத்திருந்த 3,500 போய்விட்டது. புகார் கொடுக்கப் போனபோது, ஸ்டேஷன் பேர் வேண்டாம், அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: “வாங்காமலா கேக்கறான்?” நோட்டு பொய் சொல்லுமா என்பதற்கும் இதற்கும் எத்தனை தூரம்? சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் போன உடனே அழைத்தால் அது கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அந்த வாய்ப்பு போயிற்று.

போனில் ‘காலனியா?’ என்று கேட்டுவிட்டு ‘டி’ போட்டவன் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியுமா என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். சாதியைச் சொல்லித் திட்டியது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான்கு சுவருக்குள் வெளியார் இல்லாதபோது சொன்னது அதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காதுக்குள் வந்து சொல்வதை எந்தப் பார்வையில் சேர்ப்பது? இதை நம் வழக்கறிஞர்கள் எடுத்துப் போராட வேண்டும்.

பேசுகிறவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் ஆப் கடன் மிரட்டல் வழக்கில் சென்னைப் போலீஸ் பெங்களூரில் ஒரு கால்சென்டரைப் பிடித்தது. நடத்தியதாகச் சீனக்காரர் இருவர் கைதானார்கள். ஆனால் நாற்காலிகளில் உட்கார்ந்து போன் போட்டது சம்பளத்துக்கு வந்த நம் நாட்டுப் பிள்ளைகள். அதில் காலனிப் பிள்ளையும் இருந்திருக்கலாம். மாசச் சம்பளத்துக்கு நம்மைத் திட்ட நம்மையே வைக்கிறார்களோ என்னவோ.

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு எரிந்தது. வசூலில் மிரட்டினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்று 2025இல் சட்டமன்றம் இன்னொரு சட்டம் செய்திருக்கிறது. சட்டம் வேண்டும்தான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் படி ஏற நாலு பேரும் வேண்டும்.

எங்க அம்பேத்கர் படிப்பகச் சுவரில் பிள்ளைகள் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள்: கம்பெனி பேர் என்ன, கடன் நம்பர் என்ன, ரசீது எங்கே. கீழே பெரிதாக 1930. போன வாரம் எங்க தெரு சென்டர் மீட்டிங்குக்கு எப்போதும் வருகிற கலெக்‌ஷன் தம்பி வந்தான். சின்னம்மா கையில் பணத்தை வைத்துக்கொண்டே, “உன் கார்டக் காட்டுப்பா மொதல்ல” என்றது. ரெண்டு வருஷமா வர்றேன், என்னையே தெரியாதா என்று அவனுக்குக் கோபம். “தெரியும். காட்டு” என்றது. முணுமுணுத்துக்கொண்டே பையைத் துழாவினான். அது கிடைக்கும்வரை பத்துப் பெண்களும் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.