இடைவெளியை நிரப்பும் எண்

நுண்கணித வினாக்களுள் என் உள்ளத்திற்கு நெருக்கமானது ஒன்றுண்டு. இரு துண்டுகளாய் அமைந்த சார்பொன்றைத் தந்து, அது தொடர்ச்சியுடையதாவதற்கு மாறிலியின் மதிப்பு யாதெனக் கேட்கும் வினாவே அது.

சான்றாக, மாறியை ‘அ’ என்றும் மாறிலியை ‘க’ என்றும் கொள்வோம். ‘அ’ 2-ஐத் தாண்டாதவரை சார்பின் மதிப்பு, ‘க’வையும் ‘அ’வையும் பெருக்கி 1 கூட்டியது. 2-ஐத் தாண்டியபின், ‘அ’வின் வர்க்கத்தோடு 3 கூட்டியது. வலப்புறமிருந்து 2-ஐ நெருங்க நெருங்க, மதிப்பு 7-ஐ நெருங்குகிறது. இடப்புறத் துண்டோ 2-இல், ‘க’வின் இருமடங்கோடு 1 கூட்டிய மதிப்பைப் பெறுகிறது. இரண்டும் ஒன்றாதல் வேண்டுமெனின் ‘க’ 3 ஆதல் வேண்டும். அதனை 4 என்று கொண்டால் இடப்புறம் 9-இல் முடியும். கோடு அறுந்து நிற்கும்.

மாணவர் இதனை இரண்டே வரிகளில் முடித்துவிடுவர். ஆனால், இருபுறத்தையும் ஏன் சமப்படுத்தினோம் என்பதை அவர்கள் உணர்ந்தனரா? அதனை அறிய நான் மற்றொரு வினாவைத் தருவதுண்டு: ஓர் எண்ணை அதன் குறிநீங்கிய மதிப்பால் வகுத்தால், 0-க்கு இடப்புறம் எங்கும் −1, வலப்புறம் எங்கும் 1. 0-இல் எந்த எண்ணை வைத்தால் தொடர்ச்சி உண்டாகும்? நடுவில் இருப்பதால் 0 என்பர் சிலர். ஆயின், எப்பக்கமும் 0-ஐ நோக்கி வரவில்லையே! இங்கு எந்த மாறிலியும் உதவாது.

‘அ’வின் வர்க்கத்தில் 9 நீக்கி, அதனை ‘அ’வில் 3 நீக்கிய எண்ணால் வகுக்கும் சார்போ வேறு வகையினது. 3-இல் அதற்கு மதிப்பில்லை. எனினும் இருபுறமும் 6-ஐயே நாடுகின்றன. அங்கு 6-ஐ வைத்தால் குறை தீரும்.

1817-இல் போல்சானோவும் 1821-இல் கோஷியும், எழுதுகோலை எடுக்காமல் வரையும் கோடு என்னும் காட்சியோடு நில்லாமல், மதிப்புகளின் நெருக்கத்தைக் கொண்டே தொடர்ச்சிக்கு இலக்கணம் கண்டனர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற நம் மாணவர் இவ்விலக்கணத்தை வேறு மொழியிலேயே சந்திக்கின்றனர். பொருள் விளங்காதபோது வழிமுறையை மனனம் செய்கின்றனர். ‘நெருங்குதல்’ என்னும் ஒரு தமிழ்ச்சொல்லை விளக்கியபின் அவர்தம் முகம் தெளிவதைப் பன்முறை கண்டுள்ளேன்.

விடையுள்ள வினாக்களையே தேர்வுகள் மிகுதியும் விரும்புகின்றன. ஆசிரியப் பெருமக்களே, பத்து வினாக்களுள் ஒன்றேனும் விடையில்லாததாய் இருக்கட்டும். ‘அத்தகைய மாறிலி இல்லை’ என்று காரணங்காட்டி எழுதத் துணியும் மாணவனே தொடர்ச்சியை உணர்ந்தவன்.