தியாடா

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாளை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். தட்டச்சில் அடித்த பழைய தாளின் நகல். ஓரமெல்லாம் கறுத்து, மடித்த இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. பெயர், இராணுவ எண், பிறந்த தேதி, மதம். அதற்குக் கீழே ‘பெலாஜாரான்’ என்று போட்டு எதிரே ஒரே சொல்: ‘தியாடா’.

படிப்பு: இல்லை.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். நாங்கள் அன்றைக்கு ஈப்போவுக்குப் போனது படிப்பு விஷயமாக இல்லை, மெடல் விஷயமாக.

சித்தப்பாவுக்கு 80 வயது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த 1964-ல், 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். ரெஞ்சர் படை. மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்களை மட்டும்தான் எடுப்பார்கள். ரெஞ்சரில் எல்லாரும் உண்டு, சரவாக்கிலிருந்து வந்த இபான்காரர்கள் நிறைய. 15 வருஷம் இருந்துவிட்டு 1979-ல் கோப்ரலாக வெளியே வந்தார். அதிகாரி அல்லாதவர்களுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 21 வருஷம் முடிக்க வேண்டும். ஏன் 6 வருஷம் முன்னாடியே வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் சித்தப்பா சித்தியைப் பார்ப்பார். சித்தி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவார்.

கம்யூனிஸ்டுகளை எதிர்த்துக் காட்டில் கிடந்தவர்களுக்கு அரசாங்கம் ‘பிங்காட் ஜாசா பஹ்லவான் நெகாரா’ என்றொரு மெடல் கொடுக்கிறது. சித்தப்பாவோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் அதை வாங்கிவிட்டார்கள். ஜூலை 31, ஹரி பஹ்லவான் அன்றைக்கு அவர்கள் கோட்டில் அது தொங்கும். 1960-ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் முடிந்த நாள் அது. இவர் பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை. இவர் கிரீக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை போட்டபோது காவலுக்கு நின்றவர். 1982-ல் திறந்த அந்தச் சாலையைப் போட்டு முடிக்க ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று இன்றைக்கு அதில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. 1974-ல் கம்யூனிஸ்டுகள் இறங்கி வந்து சாலை போடுகிற இயந்திரங்களையே அழித்துவிட்டுப் போனார்கள்.

பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்பதற்குக் காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் பெயர் நடுவே ஒரு ‘ழ’ இருக்கிறது. அடையாளக் கார்டில் அது ஒற்றை ‘எல்’. பட்டாளத்துத் தாளில் இரட்டை ‘எல்’. பணி முடித்தபோது கொடுத்த சான்றிதழில் ‘இசட்’, ‘எச்’. அந்தக் கடைசிக் கிராணி தமிழ்ப்பற்று உள்ளவராக இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, பட்டாளத்துத் தாளில் தாத்தாவின் பெயர் முன்னால் போய், சித்தப்பாவின் பெயர் பின்னால் வந்திருந்தது. இன்னாருடைய மகன் என்பதற்கு ‘ஏ/எல்’ என்று நடுவில் போட வேண்டியதை யாரோ விட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று ஆள்.

"நாமா சாலா, அபாங்," என்றார் அதிகாரி. பெயர் தப்பு. முதலில் ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா தம் இராணுவ எண்ணைத் தாளைப் பார்க்காமல் ஒரே மூச்சில் சொன்னதும் ‘அபாங்’, அண்ணன், ஆகிவிட்டது. அவரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான். என்னென்ன வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார். அடையாளக் கார்டு நகல், சூராட் பெரானாக் என்கிற பிறப்புச் சான்றிதழ், மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம். காட்டில் இருந்ததற்குக் கூட இருந்த இரண்டு பேருடைய வாக்குமூலம், படம் இருந்தால் படம். 2001-ல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஆரம்பித்த படைவீரர் விவகார இலாகா ஜே.எச்.இ.வி.க்கு இந்த மாதிரிக் கேஸ் புதிதில்லை என்றும் சொன்னார்.

"இந்தப் படிப்பு?" என்று சித்தப்பா அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

அது ஒன்றுக்கும் தேவையில்லையே என்றார் அதிகாரி. மெடலுக்கும் உதவித்தொகைக்கும் அந்தக் கட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. சித்தப்பா தலையாட்டினார். விரலை எடுக்கவில்லை. அப்போதுதான் அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. 1969-ல் பட்டாளத்து இரவு வகுப்பில் மலாய்மொழித் தேர்வு எழுதி ‘லுலுஸ்’. படிப்பே இல்லாத ஒருவர் தேர்வில் தேறியிருக்கிறார் என்று ஒரே தாள் மேலும் கீழுமாகச் சொல்கிறது. அதிகாரியிடம் காட்டினேன். சிரித்துவிட்டு இன்னொரு பாரத்தை இழுத்துக் கொடுத்தார்.

சத்தியப் பிரமாணம் எழுத ஓல்ட் டவுனில் ஒரு கடைவீட்டு மாடி. படி செங்குத்து, சித்தப்பா எனக்கு முன்னாடி ஏறிவிட்டார். 1960-ஆம் வருஷச் சட்டத்தின் பெயரைச் சொல்லித் தொடங்குகிற ஒரு பக்கம். 10 ரிங்கிட். சத்திய ஆணையர் முத்திரையை ஊதிக் குத்தினார். ‘நான்’ என்று சொல்வதற்கு இந்த நாட்டில் 10 ரிங்கிட் ஆகிறது என்று கீழே இறங்கும்போது சொன்னேன். சித்தப்பா ரசிக்கவில்லை.

மதியம் ரயில் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து சித்தி கட்டிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டோம். எதிரே வெள்ளைக் கல் நினைவுத்தூண். முதல் உலகப்போரில் செத்த பேராக்காரர்களுக்காக 1927-ல் வைத்தது. சயாம் மரண ரயில்பாதையில் செத்தவர்களுக்கும் பிற்பாடு அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தண்டவாளம் போடப் பேராக் தோட்டங்களிலிருந்து லாரி ஏறியவர்களுக்கு எண்ணும் இல்லை, தாளும் இல்லை. இதே ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் தம் சகோதரியோடு 1943-ல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அவர் பின்னாளில் ஆசிரியராகி, பெயர்பெற்று, நாலு பேர் எழுதி வைக்கிற இடத்துக்கு வந்தார். அவரோடு அணிவகுத்து நின்ற பால்மரம் வெட்டுகிற பெண்களை யார் எழுதி வைத்தார்கள்? அதை நினைத்தால் சித்தப்பாவின் ‘தியாடா’ கூட ஒரு சொத்துதான் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஜோக் போதும்.

தாள் வைத்திருந்த நாடுகளிலும் எல்லாம் தங்கிவிடவில்லை. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் கட்டடத்தில் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகள் போயின. இன்றைக்கும் அங்கே கிழவர்கள் பழைய கடிதம், சம்பளச் சீட்டு, நண்பன் எழுதிய வாக்குமூலம் என்று தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

சித்தப்பாவின் ஆவணக் காப்பகம் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் எல்லாத் தாளுக்கும் அடியில், ஒரு கைக்குட்டையில் சுற்றிய வட்ட வெள்ளி மெடல் ஒன்று உண்டு. அது அவருடையது இல்லை. எங்கள் சின்னத்தாத்தா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டத்தைக் காவல் காத்ததற்கு வெள்ளைக்காரன் கொடுத்தது. ஊதா ரிப்பன், நடுவே பச்சைக் கோடு, மேலே ‘மலாயா’ என்று ஒரு பட்டை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் பொடி எழுத்தில் எண்ணும் பெயரும் தெரியும். அந்தப் பெயரும் தப்பு. உலோகத்தில் விழுந்துவிட்ட தப்பை எந்தப் பாரம் போட்டுத் திருத்துவது? சின்னத்தாத்தா அந்தத் தப்பான பெயரோடேயே பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் சித்தப்பா படித்த பள்ளிக்கூடத்தைத் தேடிச் சுங்கை சிப்புட் பக்கம் போனோம். செமோர் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை. சித்தப்பாவுக்கு அதில் பழைய பால்மரக் காடு தெரிகிறது, எனக்குச் செம்பனைதான் தெரிகிறது. 1948 ஜூன் 16 காலையில் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான் மூன்று துரைமார்களைச் சுட்டார்கள். அவசரகாலம் அதோடு தொடங்கியது. அந்த மூவரும் பத்து காஜாவில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அப்போது 3 வயது. அவருக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகு வந்த முள்வேலி. லயங்களைச் சுற்றி வேலி போட்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிறகு வாசலில் நிறுத்தி, பால்வெட்டுக்குப் போகிறவர்களின் சட்டையையும் கூடையையும் தடவிப் பார்ப்பார்கள். காட்டுக்குள்ளே இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது. மதியச் சோறு கொண்டுபோகத் தடை. பாட்டி வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வருவாராம்.

"அந்த வாசல்ல துப்பாக்கியோட நின்னானே ஒருத்தன், அவனப் பாத்துத்தான் எனக்குப் பட்டாள ஆசை வந்துச்சு."

"பாட்டி சோத்தப் புடுங்கினவன் மேலயா?"

"அவன் பூட்ஸ் மேலடா."

லயம் இருந்த இடத்தில் காளியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. புது ஓடு, புது பெயிண்ட். கிணற்றைக் காட்டுகிறேன் என்று சித்தப்பா செம்பனை வரிசைக்குள் நடந்து, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார்.

பள்ளிக்கூடம் தோட்டத்தை விட்டு வெளியே, வீடமைப்புப் பகுதிக்கு வந்துவிட்டது. பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் வருஷத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் முளைத்த தகரக் கொட்டகைகளில் அதுவும் ஒன்று. இப்போது மாடிக் கட்டடம். தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து நாலு பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடம் மாறும்போது பழையதெல்லாம் தூக்கிப் போட இருந்ததாகவும், முன்னால் இருந்த ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததாகவும் சொன்னார். இரண்டாவது பதிவேட்டின் முதுகு பிரிந்து நூல் தொங்கியது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. சித்தப்பாவின் மூலையை இல்லை.

ஜனவரி 1952. நீல மை, சாய்ந்த கையெழுத்து, எல்லாம் தமிழில். வரிசை எண். மாணவன் பெயர். தகப்பனார் பெயர், பக்கத்தில் ‘பால்வெட்டு’. லயத்து எண். வயது 7. வலது ஓரத்தில் வேறு மையில், வேறு யாரோ எழுதியது: ‘ஆறாம் வகுப்பு முடித்தான்’. அதற்கும் அடுத்த கட்டத்தில், நீங்கிய காரணம்: ‘தோட்ட வேலை’.

சித்தப்பா தம் பெயரை வாய்விட்டுப் படித்தார். ‘ழ’ அதன் இடத்தில் இருந்தது.

பட்டாளத்தில் ஏன் இல்லை என்று எழுதினார்கள் என்பதை அப்போதுதான் சொன்னார். ஆள் எடுக்கிற அன்றைக்கு மேசையில் இருந்தவர் ‘சிஜில்’ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவர் ‘தியாடா’ என்றிருக்கிறார். சிஜில் யார் கொடுத்தார்கள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்? கேட்டது சான்றிதழ் இருக்கிறதா என்று. எழுதியது படிப்பு இல்லை என்று. 15 வருஷமும் அந்தத் தாள் இவரைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, இவருக்குத் தெரியாமல். கூடவே இருந்த ஒரு மலாய்க்காரருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் இவர்தான் படித்துக் காட்டுவாராம். மானோங்கில் இருக்கிற அவரைத்தான் வாக்குமூலத்துக்குப் போன வாரமே போனில் பிடித்திருந்தோம்.

தலைமையாசிரியை நகல் எடுத்து ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். ஆனால் தமிழ்ப் பதிவேட்டை அலுவலகத்தில் அப்படியே கொடுக்க முடியாது, மலாயில் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். மலாயில் ஒரு கடிதமும் தாமே அடித்துக் கொடுத்தார். பெயர் வரும் இடத்தில் கையை நிறுத்தி, "எழுத்து எப்படிப் போடறதுங்க ஐயா?" என்று கேட்டார்.

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "ஐ.சி.யில இருக்கிறபடியே போடுங்க டீச்சர். இன்னொண்ணு வேணாம்."

மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் ஈப்போவுக்கு மறுபடியும். வழியில் புந்தோங்கில் நிறுத்தி அதிகாரிக்கு என்று ஒரு பொட்டலம் கச்சான் வாங்கினார். லஞ்சம் மாதிரி ஆகிவிடும் என்று நான் தடுத்துக் காரிலேயே வைக்கச் சொன்னேன். அதே மேசை. திருத்தப் பாரத்தில் இரண்டு பத்தி: இப்போது உள்ளது, இருக்க வேண்டியது. நான் எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். சித்தப்பா வாங்கிக்கொண்டார். இடது பத்தியில் ‘தியாடா’ என்று எழுதினார். வலது பத்தியில் ‘டார்ஜா 6, செக்கோலா தமிழ்’ என்று அச்சுப் போல ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கீழே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று தாளைக் கொஞ்ச நேரம் தொடாமல் வைத்திருந்தார். அதிகாரி வாங்கி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். கோப்பு கோலாலம்பூர் போக வேண்டும், காத்திருங்கள் என்றார்.

நாங்கள் கதவு வரை வந்துவிட்டோம்.

"அபாங்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதிகாரி இன்னொரு தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மெடல் பாரத்தில் கையெழுத்தே போடவில்லை.